நிமிடக் கணக்கு: முதியோர் பராமரிப்பில் ஜப்பான் செய்ததும் நம்மூர் கேட்பதும்

பக்கவாதம் வந்து படுக்கையில் விழுந்த என் அத்தையை, அதாவது மாமியாரை, நான்கரை வருடம் பார்த்துக்கொண்டேன். திருநெல்வேலி மாவட்டத்தில் கல்லிடைக்குறிச்சிப் பக்கம் ஒரு சிறிய ஊர். அதே காலத்தில் என் தங்கை மகள் ஜப்பானில் ஒரு முதியோர் காப்பகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் போனில் அவள் அங்கே நடப்பதைச் சொல்வாள், நான் இங்கே நடப்பதைச் சொல்வேன். கேட்டதை நான் அக்கம்பக்கத்தில் சொல்லப்போக, கல்யாணப் பந்தியிலும் அம்பாசமுத்திரம் பஸ்ஸிலும் ரேஷன் கடை வரிசையிலும் ஆட்கள் என்னைப் பிடித்துக்கொண்டு கேட்கத் தொடங்கினார்கள். திரும்பத் திரும்பக் கேட்டவற்றை மட்டும் இங்கே எழுதியிருக்கிறேன்.

ஜப்பானில் அப்படி என்னதான் செய்துவிட்டார்கள்?

முதியோர் பராமரிப்புக்கு என்றே ஒரு காப்பீடு கொண்டுவந்தார்கள். சட்டம் 1997இல் நிறைவேறியது, 2000 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 40 வயதைத் தொட்ட எல்லோரும் சந்தா கட்ட வேண்டும். மொத்தச் செலவில் பாதி சந்தாவிலிருந்தும் பாதி வரிப்பணத்திலிருந்தும் வருகிறது. 65 வயதுக்குப் பிறகு ஒருவருக்கு உதவி தேவைப்பட்டால், பிள்ளை இருக்கிறானா, மருமகள் வீட்டில்தானே இருக்கிறாள் என்று யாரும் கேட்பதில்லை. உடம்புக்கு எவ்வளவு உதவி வேண்டும் என்பதை மட்டும்தான் பார்க்கிறார்கள். ஆகும் செலவில் பத்தில் ஒரு பங்கை அவர் கட்டுகிறார். வருமானம் கூடியவர் என்றால் இரண்டு அல்லது மூன்று பங்கு.

அங்கே பராமரிப்புக்குச் சொல்லும் சொல் 'கைகோ'. முதன்முதலில் போனில் கேட்டபோது தமிழில்தான் ஏதோ சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

என்ன உதவி என்றால்: வீட்டுக்கு வந்து உடம்பு துடைத்து உடை மாற்றிவிடுவார்கள். காலையில் வேனில் அழைத்துப் போய் மாலையில் திரும்பக் கொண்டுவந்து விடும் பகல் இல்லம் உண்டு. வீட்டில் பார்ப்பவருக்கு ஓய்வு வேண்டும் என்றால் முதியவரைச் சில நாட்கள் தங்கவைத்துக்கொள்ளும் இடமும் உண்டு. கட்டிலும் சக்கர நாற்காலியும் வாடகைக்குக் கிடைக்கும். இவற்றில் என்னை அழவைத்தது குளியல் வண்டி. ஒரு நர்சும் இரண்டு உதவியாளர்களும் வேனில் தொட்டியோடு வீட்டுக்கே வருகிறார்கள். படுக்கைக்குப் பக்கத்தில் தொட்டியை வைத்து, வெந்நீர் நிரப்பி, ஆளைத் தூக்கிக் கழுத்தளவு நீரில் கிடத்துகிறார்கள். என் அத்தை எழுபத்தெட்டு வயது வரை தாமிரபரணிப் படித்துறையில் முங்கிக் குளித்தவர். அதன்பின் நான்கரை வருடமும் ஈரத்துணியால் துடைத்ததுதான். "ஒரு முங்கு போட்டால் போதும்" என்று சாகும் வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

நமக்கும் அந்த நிலைமை வந்துவிட்டதா?

ஜப்பானில் 65 வயதைத் தாண்டியவர்கள் 1970இல் நூற்றுக்கு 7 பேர். 1994இல் 14. இப்போது ஏறக்குறைய 29. தமிழ்நாட்டில் 2011 கணக்கெடுப்பின்படி 60 வயதைத் தாண்டியவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேருக்குச் சற்று மேல். இந்திய சராசரியைவிட அது அதிகம். கணக்கைவிட எங்கள் தெரு தெளிவாகச் சொல்லும். இருபத்திரண்டு வீடுகளில் ஒன்பது வீட்டில் வயதானவர்கள் மட்டும் இருக்கிறார்கள். நான்கு வீட்டுக்குப் பூட்டு. பிள்ளைகள் சென்னையிலோ பெங்களூரிலோ மும்பையிலோ வளைகுடாவிலோ இருக்கிறார்கள்.

உதவி வேண்டுமா வேண்டாமா என்று யார் முடிவு செய்கிறார்கள்? வேண்டியவர், வேண்டாதவர் பார்க்க மாட்டார்களா?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர். அவருடைய அனுபவம் பேசுகிறது.

விண்ணப்பித்தால் நகராட்சி சார்பில் ஒருவர் வீட்டுக்கு வந்து 74 விஷயங்களைக் கேட்டுக் குறித்துக்கொள்கிறார். படுக்கையில் தானாகப் புரள முடிகிறதா, நகம் வெட்டிக்கொள்ள முடிகிறதா, பிறந்த தேதி சொல்ல வருகிறதா, இப்போது என்ன பருவம் என்று தெரிகிறதா, இப்படி. அந்தப் பதில்களைக் கணினி நிமிடங்களாக மாற்றுகிறது. இவருக்கு ஒரு நாளைக்கு இத்தனை நிமிடப் பராமரிப்பு வேண்டும் என்று ஒரு மதிப்பீடு வருகிறது. பிறகு மருத்துவரின் குறிப்பையும் வைத்துக்கொண்டு ஒரு குழு உட்கார்ந்து முடிவு செய்கிறது. மொத்தம் ஏழு படிகள். முதற்படிக்கு 25 நிமிடம், கடைசிப் படிக்கு 110 நிமிடமும் அதற்கு மேலும். வீட்டில் நிஜமாகச் செலவாகும் நேரம் இதைவிட அதிகம்தான். இது தேவையை அளக்க வைத்திருக்கும் படி. அரிசிக்குப் படி இருப்பது போல.

ஜப்பானிடமிருந்து நாம் காசில்லாமல் எடுத்துக்கொள்ளக்கூடியது இந்தப் படிதான் என்பது என் கட்சி. நான் எடுத்துக்கொண்டேன். பழைய பள்ளிக்கூட நோட்டு ஒன்றில் ஒரு வாரம் எழுதிவைத்தேன். காலையில் துடைத்து உடை மாற்ற 35 நிமிடம். மூன்று வேளை ஊட்ட, வேளைக்கு 40. இரண்டு மணிக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்கவைக்க, தடவைக்கு 5 என்று பன்னிரண்டு தடவை. துணி அலச 45. மருந்து கொடுத்துக் கால் நீவிவிட 30. கூட்டினால் நான்கு மணி ஐம்பது நிமிடம். பேச்சுக் கொடுத்தது இதில் சேரவில்லை.

நோட்டை என் வீட்டுக்காரர் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அன்று ராத்திரி இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் அவரே எழுந்து தன் அம்மாவைப் புரட்டிப் படுக்கவைத்தார். சென்னையில் இருக்கும் கொழுந்தனுக்கு அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பினார். அடுத்த மாதத்திலிருந்து காலை வேளைக்கு ஆள் வைக்கப் பணம் வந்தது. "மதினி வீட்டில் சும்மாதானே இருக்கிறார்கள்" என்ற பேச்சு அந்த நோட்டோடு நின்றுபோயிற்று.

பேசாமல் பணத்தைக் கையில் கொடுத்துவிட்டால் போகாதா? நம் அரசாங்கமும் முதியோர் உதவித்தொகை கொடுக்கிறதே?

ஜெர்மனி 1995இல் தொடங்கிய காப்பீட்டில் அப்படி ஒரு வழி இருக்கிறது. சேவை வேண்டாம் என்றால் பணமாக வாங்கிக்கொள்ளலாம். ஜப்பானில் அதைப் பற்றிப் பெரிய வாதமே நடந்தது. பணம் வேண்டவே வேண்டாம் என்று உரக்கச் சொன்னவர்கள் பெண்கள். ஹிகுச்சி கெய்கோ என்ற பெண்மணியும் அவரோடு நின்ற பெண்கள் அமைப்பும் சொன்ன காரணம் எளிமையானது: பணம் குடும்பத்துக்குப் போகும், வேலை மருமகளிடமே இருக்கும். "அதுதான் காசு வருகிறதே" என்று அவளை இன்னும் இறுக்கிக் கட்டிப்போடவே அது உதவும். கடைசியில் ஜப்பான் சேவையாகத்தான் கொடுக்கிறது.

நம் உதவித்தொகை வேறு வகை. 2023இல் அது 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. வருமானம் இல்லாதவருக்கு அது பெரிய துணை, குறைத்துச் சொல்ல மாட்டேன். பீடி சுற்றிச் சுற்றிக் கை ஓய்ந்துபோன முக்கூடல் ஆச்சி ஒருவர், மாதம் பிறந்தால் அந்தப் பணத்தில்தான் மருந்து வாங்குகிறார். ஆனால் கடையிலிருந்து மருந்தைக் கொண்டுவந்து கையில் கொடுக்கிற ஆளை அந்தப் பணம் கொண்டுவராது.

பெற்றவர்களைப் பார்ப்பது பிள்ளைகளின் கடமை. அரசாங்கம் நடுவில் நுழைந்தால் பாசம் போய்விடாதா?

இதே கேள்வியை ஜப்பானில் ஒரு பெரிய அரசியல்வாதி கேட்டார். 1999இல் ஆளுங்கட்சியின் கொள்கைக் குழுவுக்குத் தலைவராக இருந்த கமேய் ஷிசுகா, பிள்ளைகள் பெற்றோரைப் பார்க்கும் அழகிய வழக்கத்தை இந்தச் சட்டம் கெடுத்துவிடும் என்றார். அவர் தரப்பு கொடுத்த நெருக்கடியில், முதியவர்களிடம் முதல் ஆறு மாதம் சந்தாவே வாங்காமலும், அடுத்த ஓராண்டு பாதி மட்டும் வாங்கியும் திட்டத்தைத் தொடங்க வேண்டியதாயிற்று. 'வீட்டு வாசலில் சேவை வண்டி நின்றால் ஊர் என்ன பேசும்' என்ற கூச்சமும் அங்கே இருந்தது. அந்த வண்டிகள் இப்போது தெருவெல்லாம் நிற்கின்றன.

பாசம் எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும். ராத்திரி மூன்று மணிக்கு நாலாவது முறையாகப் படுக்கை விரிப்பை மாற்றும்போது போகிறது. காலையில் ஆள் வந்து ஒரு மணி நேரம் கை கொடுத்த நாட்களில்தான் நான் அத்தையிடம் முகம் கொடுத்துப் பேசினேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், சிலருக்குக் கோபம் வரலாம். வயதான தாயை மலையில் கொண்டுபோய் விட்டுவிட்டு வரும் 'உபாசுதே' என்று ஒரு பழங்கதை ஜப்பானில் உண்டு. கதை என்றுதான் அவர்கள் சொல்கிறார்கள். நம் தென் மாவட்டங்கள் சிலவற்றில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி முதியவரை முடித்துவைக்கும் 'தலைக்கூத்தல்' கதை இல்லை. பார்க்க ஆளில்லாமல், முடியாமல் போன வீடுகளில் நடந்தது. பண்பாட்டுப் பெருமை பேசும்போது இதையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசலாம்.

அங்கே ரோபோதான் எல்லாம் பார்த்துக்கொள்கிறதாமே?

இல்லை. 'பாரோ' என்ற வெள்ளைச் சீல் பொம்மை ஒன்று இருக்கிறது. தடவிக்கொடுத்தால் சத்தம் போடும், மறதி நோய் உள்ளவர்களுக்கு ஆறுதலாக இருக்கும். தொலைக்காட்சிக்காரர்களுக்கு அது மிகவும் பிடிக்கும். என் தங்கை மகளுக்கு வேலையில் கிடைத்தது இடுப்பு வலி.

நம் வீட்டில் உடனே என்ன மாற்றலாம்?

ஜப்பானியக் காப்பீட்டில் கைப்பிடி பொருத்துவது, வாசற்படியின் உயரத்தைக் குறைப்பது, வழுக்காத தரை போடுவது போன்ற வேலைகளுக்கு ஒருவருக்கு 2 லட்சம் யென் வரை கணக்கு உண்டு. அதிலும் பத்தில் ஒரு பங்காவது அவரவர் கட்ட வேண்டும். இதைக் கேட்டதும் நம் வீடுகளை ஒருமுறை நினைத்துப் பார்த்தேன். தெருவிலிருந்து திண்ணைக்கு மூன்று படி. நடையில் ஒரு நிலைப்படி. அதைத் தாண்டிப் பட்டாசாலை. அடுக்களை தாண்டினால் மறுபடி ஒரு படி இறக்கம், புறவாசலில் கிணற்றடி, பாசி பிடித்த கல், அதற்கும் அப்பால் கக்கூஸ். எழுபது வயதுக்காரர் ராத்திரியில் எழுந்து போக இதைவிட மோசமாக ஒரு வழியை வேண்டுமென்றே கட்டினாலும் கட்ட முடியாது. நம்மூரில் இடுப்பெலும்பு முறிவது பெரும்பாலும் இந்தப் பாதையில்தான். முறிந்த பிறகு பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம்.

பெரிய செலவு வேண்டாம். வெல்டிங் பட்டறையில் சொல்லி, நடையிலிருந்து கக்கூஸ் வரை இடுப்பளவு உயரத்தில் குழாய்க் கம்பி அடித்துவிடுங்கள். கக்கூஸில் உட்கார்ந்து எழும் பக்கம் ஒன்று. வழியெங்கும் சின்ன பல்பு. கட்டில் உயரம், உட்கார்ந்தால் பாதம் தரையில் முழுதாகப் பதியும் அளவு. தாத்தாவின் கட்டிலை மாடியில் போடாதீர்கள். இதைச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று வெட்கமாக இருக்கிறது, ஆனால் பார்த்திருக்கிறேன்.

பகல் இல்லம் நம்மூரில் நடக்குமா? கட்டடத்துக்கு எங்கே போவது?

எனக்கு மிகவும் பிடித்த கதை இதில்தான் இருக்கிறது. 1993இல் டொயாமா என்ற நகரத்தில், ஆஸ்பத்திரி வேலையை விட்டு வந்த மூன்று நர்சுகள் ஒரு வீட்டில் பகல் இல்லம் தொடங்கினார்கள். முன்னின்றவர் சோமான் கயோகோ. முதியவர், கைக்குழந்தை, மாற்றுத்திறனாளி என்று பிரிக்காமல் வந்த எல்லோரையும் ஒரே கூரைக்குக் கீழே வைத்துக்கொண்டார்கள். அரசின் விதிகள் ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனி என்பதால் முதலில் உதவிப்பணம் கிடைப்பதே சிக்கலாக இருந்தது. பிறகு 'டொயாமா முறை' என்ற பெயரில் அரசே அதை ஏற்றுக்கொண்டது. அந்த இல்லத்தின் பெயர் 'கோனோ யுபி தோமாரே'. விளையாட வருகிறவர்கள் இந்த விரலைப் பிடியுங்கள் என்று அந்த ஊர்ப் பிள்ளைகள் விரலை நீட்டிக் கூப்பிடும் வார்த்தை அது.

நம்மிடம் பூட்டிக் கிடக்கும் பூர்வீக வீடுகளுக்குக் குறைவில்லை. கோயில் கொடைக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் திறக்கிற வீடுகள். எங்கள் தெருவில் அப்படி ஒரு வீட்டுக்காரர் சாவி கொடுத்தார். வாரத்தில் இரண்டு நாள், காலை பத்து முதல் நான்கு மணி வரை, ஏழு பேர் வருகிறார்கள். சாப்பாடு அவரவர் வீட்டுத் தூக்குவாளியில். ஒரு பத்தமடைப் பாய், இரண்டு சாய்வு நாற்காலி, ஒரு தாயக்கட்டம். பள்ளி விட்டதும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் அங்கேயே வந்து வீட்டுப்பாடம் எழுதுகின்றன. இதைப் பகல் இல்லம் என்று நான் சொல்ல மாட்டேன். நர்ஸ் இல்லை, வண்டி இல்லை. ஆனால் ஏழு வீட்டுப் பெண்களுக்கு வாரத்தில் பன்னிரண்டு மணி நேரம் கிடைத்திருக்கிறது. ஒருத்தி அந்த நேரத்தில் தூங்கப் போய்விடுகிறாள், நல்லது.

அப்பாவுக்கு மறதி. வெளியே போனால் திரும்பி வரத் தெரியவில்லை. கதவைப் பூட்டிவைக்கலாமா?

ஜப்பானில் ஓபு என்ற ஊரில் 2007இல் நடந்தது. மறதி நோய் இருந்த 91 வயது முதியவர் ஒருவர், 85 வயது மனைவி கொஞ்ச நேரம் கண்ணயர்ந்தபோது வெளியே போய், ரயிலில் அடிபட்டு இறந்தார். ரயில் ஓடாமல் போனதற்கு நஷ்டஈடு கேட்டு ரயில் நிறுவனம் அந்தக் குடும்பத்தின் மேல் வழக்குப் போட்டது. கீழ்க்கோர்ட்டுகள் குடும்பம் கட்ட வேண்டும் என்றன. 2016 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், இந்தக் குடும்பத்தின் மேல் பொறுப்பைச் சுமத்த முடியாது என்று சொல்லிவிட்டது. செங்கோட்டை ரயில் பாதை எங்கள் ஊரை ஒட்டித்தான் போகிறது. இந்தக் கதையைக் கேட்ட அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

பூட்டுவதைவிட ஊருக்குச் சொல்வது மேல். ஜப்பான் இரண்டு காரியம் செய்தது. மடமை என்று பொருள்படும் பழைய சொல்லை 2004இல் அரசு கைவிட்டு, அறிதல் குறைபாடு என்று பொருள் தரும் 'நின்சிஷோ' என்ற சொல்லைக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டிலிருந்து கடைக்காரர், வங்கி ஊழியர், பள்ளிப் பிள்ளைகள் என்று யாரும் வரக்கூடிய ஒன்றரை மணி நேர வகுப்பு நடத்தியது. அதில் படித்தவர்கள் ஒரு கோடிக்கு மேல். நாம் இன்னும் 'கிறுக்கு' என்கிறோம். டீக்கடை அண்ணாச்சி, ஆட்டோ நிறுத்தம், கோயில் வாசல் பூக்காரி, ரயில்வே கேட் ஊழியர், இந்த நான்கு பேரிடம் அப்பாவின் போட்டோவையும் உங்கள் போன் நம்பரையும் கொடுத்துவையுங்கள். சட்டைப் பையிலும் நம்பர் இருக்கட்டும்.

நான் துபாயில் இருக்கிறேன். பணம் அனுப்புகிறேன். வேறென்ன செய்ய முடியும், அக்கா?

ஜப்பானில் இந்த உதவி பெறும் முதியவருக்குக் 'கேர் மேனேஜர்' என்று ஒருவர் இருப்பார். எந்த நாள் யார் வருவது, எந்த நாள் எந்த இல்லம் என்று வாரத்துக்குத் திட்டம் போட்டுக் கொடுப்பவர். அந்த வேலையை அங்கிருந்தே செய்யுங்கள், தம்பி. மாத்திரை தீரும் தேதி உங்கள் போனில் இருக்கட்டும். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. இயன்முறைச் சிகிச்சையும் படுத்த படுக்கையானவர்களுக்கு வலிதணிப்புச் சிகிச்சையும் அதில் உண்டு. அம்மாவின் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரித்துப் பதிவு செய்வது உங்கள் பொறுப்பு. முதியோர் உதவி எண் 14567. அம்மாவுக்குத் தெரியாவிட்டாலும் பக்கத்து வீட்டு மைனிக்குத் தெரிந்திருக்கட்டும்.

சொத்தை மகன் பேருக்கு எழுதிவைத்தாயிற்று. இப்போது சோறு போட மாட்டேன் என்கிறான்.

இதில் ஜப்பான் வேண்டாம், நம் சட்டமே இருக்கிறது. 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம். கோட்டாட்சியர் நிலையில் உள்ள அதிகாரியிடம் மனு கொடுக்கலாம். நம் பக்கத்துக்கு அந்த அலுவலகம் சேரன்மகாதேவியில். மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகைக்கு உத்தரவிட முடியும். என்னைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக்கொடுத்த பத்திரத்தை, பார்க்காவிட்டால் செல்லாது என்று அறிவிக்க 23ஆம் பிரிவு இடம் தருகிறது. இனி எழுதப் போகிறவர்கள் அந்த நிபந்தனையைப் பத்திரத்திலேயே ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். பத்திரம் எழுதுபவர் "பெற்ற பிள்ளைக்கு எதற்கு இதெல்லாம்" என்பார். சிரித்துக்கொண்டே எழுதச் சொல்லுங்கள்.

அப்படியானால் ஜப்பானில் குறையே இல்லையா?

ஏராளம். 1973இல் முதியவர்களுக்கு மருத்துவத்தை இலவசமாக்கினார்கள். வீட்டில் பார்க்க ஆளில்லாதவர்கள் நோயே இல்லாமலும் மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். பத்து வருடத்தில் அந்த இலவசத்தை நிறுத்த வேண்டியதாயிற்று. காப்பீடு தொடங்கியபோது 65 வயதைத் தாண்டியவரின் சராசரிச் சந்தா மாதம் 2,911 யென், இப்போது 6,225. குறைந்த செலவில் தங்கும் பொது இல்லங்களில் இடம் கிடைக்க வரிசை நீளம். பெற்றோரைப் பார்ப்பதற்காக வருடத்துக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் இன்னமும் வேலையை விடுகிறார்கள். தனியாக இறந்து பல நாள் கழித்துக் கண்டுபிடிக்கப்படுவதற்கு 'கொதோகுஷி' என்று தனிச் சொல்லே வைத்திருக்கிறார்கள்.

பராமரிக்கக் கை போதாமல், 2008 முதல் இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், வியட்நாம் என்று வெளியூர்ப் பிள்ளைகளை வரவழைக்கிறார்கள். என் தங்கை மகள் அந்த வழியில் பின்னால் போனவள். அவள் அங்கே ஒரு பாட்டிக்குச் சோறு ஊட்டும் நேரத்தில் இங்கே அவளுடைய ஆச்சி தனியாகச் சாப்பிடுகிறார். இதற்கு என்னிடம் பதில் இல்லை, அவளிடமும் இல்லை.

இவ்வளவு பேர் கேட்கிறீர்கள். என்னிடம் யாராவது எதையாவது கேட்டீர்களா?

இதைக் கேட்டவர் நம் பூட்டிய வீட்டுக்கு வரும் தாத்தா. எண்பத்து மூன்று வயது. நெல் வயலில் உழைத்தவர். நியாயமான கேள்வி. அந்த 74 விஷயங்களில் பலவற்றை ஜப்பானில் முதியவரிடமே நேராகக் கேட்கிறார்கள் என்று அவருக்குச் சொன்னேன். "அப்படியா, என்னையும் கேள் பார்ப்போம்" என்றார். ஐப்பசி மாதம், வெளியே மேகம் மூட்டமாக இருந்தது. பெயர் சொன்னார். பிறந்த தேதி தெரியாது, புயலடித்த வருடம் என்றார். இப்போது என்ன பருவம் தாத்தா என்று கேட்டேன். ஜப்பான்காரன் தாளில் நான்கு பருவம்தான் போட்டிருப்பான். எங்கள் பக்கத்து நெல்லுக்குக் காரும் பிசானமும்தான் பருவம்.

"கார் அறுத்தாயிற்று. பிசானத்துக்கு நாற்றுப் பாவ வேண்டும்" என்றவர், என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பாபநாசம் அணையில் தண்ணீர் திறந்துவிட்டார்களா, அதைச் சொல் முதலில்" என்றார்.